ஐரோப்பாவின் சந்தைக் கதவு: அத்திப்பட்டு கார்களும் ஆம்பூர் தோலும்

அத்திப்பட்டு புதுநகர் ரெயில் நிலையத்தில் இறங்கிக் கிழக்கே பாருங்கள். வானத்தை முட்டும் புகைபோக்கிகள் தெரியும். அவை வட சென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். அதற்கும் அப்பால் உப்பங்கழி. அதையும் தாண்டினால் கடல். கடலோரத்தில் காமராஜர் துறைமுகம்.

எண்ணூர் துறைமுகம் என்ற பெயரில் 2001-ம் ஆண்டு திறக்கப்பட்டது இது. 2014-ல்தான் காமராஜர் பெயர் வந்தது. ஒரிசாவின் பாரதீப்பில் இருந்து நிலக்கரி கப்பல் கப்பலாக இங்கே வந்து இறங்குகிறது. நிலக்கரிக்காகவே கட்டிய துறைமுகம் என்றாலும் தப்பில்லை.

ஆனால் 2010-ம் ஆண்டில் ஒரு புதுமை நடந்தது. பல மாடிகள் கொண்ட ஒரு கப்பல் வந்து நின்றது. ஒரகடம் தொழிற்சாலையில் செய்த நிசான் கார்கள் வரிசையாக ஓடிப் போய் அந்தக் கப்பலுக்குள் புகுந்தன. கிரேன் தூக்கவில்லை. ஆள் உட்கார்ந்து ஓட்டிக் கொண்டே உள்ளே போனார்! அந்த மைக்ரா கார்கள் போன ஊர், ஐரோப்பா.

தமிழன் கையால் செய்த கார் பாரிஸ் தெருவிலும் ரோமாபுரித் தெருவிலும் ஓடியது. ஆனால் அந்த ஓட்டம் நீடிக்கவில்லை. 2016-ம் ஆண்டு முடிவில் ஐரோப்பாவுக்கான புதிய மைக்ராவைப் பிரான்சு நாட்டிலேயே செய்யத் தொடங்கி விட்டார்கள். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் கதையும் ஏறத்தாழ இதேதான். ஐரோப்பாவுக்குப் போய்க் கொண்டிருந்த சிறிய கார்களின் உற்பத்தி துருக்கி நாட்டுக்கு மாறியது.

ஏன் போயிற்று? காரணம் ஒன்றல்ல. கப்பல் தூரம் உண்டு. வாங்குவோரின் ருசி உண்டு. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு காரணமும் உண்டு. அது ஒரு சுவர்.

மதில் சுவர்

வெளிநாட்டுக் கார் ஐரோப்பாவில் நுழைந்தால் அதற்குப் பொது வரி 10 சதவீதம். விளங்குவதற்காக ஒரு கணக்கு பார்ப்போம். ஒரு கார் 5 லட்சம் ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். வாசலில் 50 ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும். துருக்கியில் செய்த காருக்கு அந்த 50 ஆயிரம் இல்லை. காரணம், 1995-ம் ஆண்டின் கடைசி நாளில் துருக்கி அந்தச் சுவருக்குள் இடம் பிடித்துக் கொண்டது. குடும்பத்தில் அது உறுப்பினர் அல்ல. ஆனால் திண்ணையில் உட்கார அனுமதி பெற்ற பக்கத்து வீட்டுக்காரர்!

இந்தச் சுவரை எழுப்பியவர்கள் யார்?

இரண்டாவது உலகப் போரில் ஐரோப்பா நாசமாயிற்று. அடித்துக் கொண்டவர்கள் இனி சேர்ந்து வாழ்வோம் என்று முடிவு செய்தார்கள். பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், ஹாலந்து, லக்சம்பர்க் என்ற 6 நாடுகள் 1957-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி ரோம் நகரில் கையெழுத்துப் போட்டன. 1958 ஜனவரி முதல் நாளில் 'ஐரோப்பியப் பொதுச் சந்தை' பிறந்தது.

நம் ஊர்க் கூட்டுக் குடும்பத்தைப் போலத்தான் அது. அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவே இருந்த சுவரை இடித்தார்கள். மொத்தத்துக்கும் சேர்த்து வெளியே ஒரு மதில் எழுப்பினார்கள். உள்ளே வரி இல்லை. வெளியில் இருந்து வரும் சரக்குக்கு எந்த வாசலில் நுழைந்தாலும் ஒரே வரி.

டில்லி இதைக் கேட்டு முதலில் அதிகம் கலங்கவில்லை. அந்த 6 நாடுகளும் நம்மிடம் வாங்கியது கொஞ்சம்தான். நமது பெரிய வாடிக்கைக்காரர் லண்டனில் இருந்தார்.

ஆவாரம்பட்டைத் தோல்

அந்தக் காலத்தில் நமது ஏற்றுமதியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு பிரிட்டனுக்குப் போயிற்று. காமன்வெல்த் நாடு என்பதால் பெரும்பாலான சரக்குக்கு அங்கே வரி கிடையாது. நீலகிரித் தேயிலை போயிற்று. கைத்தறியும் மில் துணியும் போயின. முக்கியமாகத் தோல் போயிற்று.

சென்னை ராஜ்யத்துத் தோலுக்கு அங்கே தனிப் பெயர் உண்டு. 'கீழ் இந்தியத் தோல்' என்பார்கள். ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊற வைத்துப் பதப்படுத்திய தோல் அது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பல்லாவரம், மாதவரம் என்று பல ஊர்களில் அதற்கான தொட்டிகள் இருந்தன. தோல் லண்டனில் ஏலம் போகும். அதில் பூட்ஸ் தைத்து அதிக விலைக்கு விற்பவர்கள் வேறு ஆட்கள். பட்டை இடித்தவருக்கு என்ன கூலி கிடைத்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்த நிலையில் 1961-ம் ஆண்டில் ஒரு இடி விழுந்தது. "நானும் அந்தக் கூட்டுக் குடும்பத்தில் சேருகிறேன்" என்று பிரிட்டன் மனுப் போட்டது!

பிரிட்டன் உள்ளே போனால் என்ன ஆகும்? மதில் அதையும் சேர்த்து வளைத்து விடும். இதுவரை வரி இல்லாமல் போன நமது தோலுக்கும் துணிக்கும் தேயிலைக்கும் அங்கே வரி விழும். 1962 செப்டம்பரில் காமன்வெல்த் பிரதம மந்திரிகள் லண்டனில் கூடினார்கள். நேருவும் போனார். இந்தியாவின் கவலையை எடுத்துச் சொன்னார்.

அதே 1962-ல் இந்தியா இன்னொரு காரியமும் செய்தது. அதுதான் புத்திசாலித்தனமான காரியம். கத்திக் கொண்டிருப்பதைவிட நேரே வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டுவோம் என்று முடிவு செய்தது. பொதுச் சந்தையின் தலைமைக் காரியாலயம் பெல்ஜியத் தலைநகரான பிரஸ்ஸல்சில் இருந்தது. கே.பி.லால் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியை அங்கே தூதராக அனுப்பியது. அந்தச் சந்தையுடன் தூது உறவு வைத்துக் கொண்ட முதல் சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஒரு நாட்டுக்குத் தூதர் அனுப்புவது வழக்கம். 6 நாடுகள் சேர்ந்த ஒரு சந்தைக்குத் தூதர் அனுப்புவது அன்றைக்குப் புதுமை.

பலன் சீக்கிரத்தில் ஒன்று கிடைத்தது. தேயிலை வரியை நிறுத்தி வைக்க ஐரோப்பாவும் பிரிட்டனும் இணங்கின. 1964-ம் ஆண்டு தொடக்கத்தில் அது அமுலுக்கு வந்தது. மற்றச் சரக்குகளுக்கு அந்த யோகம் இல்லை. காரணம் எளிது. ஐரோப்பாவில் தேயிலை விளையாது. துணி நெய்கிறவனும் தோல் பதனிடுகிறவனும் அங்கேயும் இருந்தார்கள். அவர்களுக்கு ஓட்டும் இருந்தது!

'முடியாது' என்றார் தெகால்

இதற்கிடையே பிரான்சு ஜனாதிபதி தெகால் 1963 ஜனவரி 14-ந் தேதி நிருபர்களைக் கூட்டினார். பிரிட்டனைச் சேர்க்க முடியாது என்று கதவைச் சாத்தி விட்டார். 1967-ல் மறுபடியும் மனு. மறுபடியும் அவர் "முடியாது" என்றார். ஆக, இந்தியாவுக்குப் பத்து வருஷ அவகாசம் கிடைத்தது. அது நாம் சம்பாதித்த அவகாசம் அல்ல. தெகாலின் பிடிவாதம் தந்த அவகாசம்.

கடைசியில் 1973 ஜனவரி முதல் நாளில் பிரிட்டன் உள்ளே நுழைந்தது. அயர்லாந்தும் டென்மார்க்கும் கூடவே நுழைந்தன. ஆப்பிரிக்காவில் இருந்த பழைய பிரிட்டிஷ் நாடுகளுக்குத் தனி உறவு தரப்பட்டது. இந்தியா, இலங்கை போன்ற ஆசிய நாடுகளுக்கு அது இல்லை. "உங்கள் வியாபாரச் சங்கடங்களைக் கவனிக்கிறோம்" என்று ஒரு பிரகடனம் மட்டும் கிடைத்தது. கல்யாண வீட்டில் இலை போடாமல், 'பிறகு சாப்பிடலாம்' என்று வாசலில் சந்தனம் பூசி அனுப்பிய மாதிரி!

அந்தப் பிரகடனத்தைப் பிடித்துக் கொண்டு இந்தியா பேசியது. 1973 டிசம்பர் 17-ந் தேதி பிரஸ்ஸல்சில் வர்த்தக ஒத்துழைப்பு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1974 ஏப்ரல் முதல் நாள் அது அமுலுக்கு வந்தது. தனிச் சலுகை எதுவும் அதில் இல்லை. ஆனால் இரு தரப்பும் உட்கார்ந்து பேச ஒரு கூட்டுக் குழு ஏற்பட்டது. குறை சொல்ல ஒரு மேஜை கிடைத்தது என்று வைத்துக் கொள்ளலாம்.

தோல் என்ன ஆயிற்று? அதே ஆண்டுகளில் டில்லி சர்க்கார் ஒரு கண்டிப்பான முடிவு எடுத்தது. அரைகுறையாகப் பதப்படுத்திய தோலை அனுப்புவதைக் கட்டுப்படுத்தியது. முழுத் தோலாக அனுப்பு, முடிந்தால் செருப்பாகவே தைத்து அனுப்பு என்றது. முதலில் தோல் வியாபாரிகள் முணுமுணுத்தார்கள். ஆனால் ஆம்பூரில் இன்று பெண்கள் உட்கார்ந்து பூட்ஸ் தைக்கும் தொழிற்சாலைகள் அந்த முடிவின் பிள்ளைகள்தான். ஐரோப்பாவே அவர்களுக்குப் பெரிய வாடிக்கை.

வாடிக்கை என்றால் சும்மா இல்லை. 1989-ம் ஆண்டு முடிவில் ஜெர்மனி ஒரு தடை போட்டது. தோலில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கத் தெளிக்கும் பி.சி.பி. என்ற மருந்து மனிதனுக்குக் கெடுதல், அது உள்ள சரக்கு வேண்டாம் என்றது. வாணியம்பாடியில் திகைத்தார்கள். அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் கை கொடுத்தது. சோதனைக் கருவியும் மாற்று மருந்தும் வந்தன. சில சாயங்களுக்கும் பின்னால் அதே கதி ஏற்பட்டது. வரிச் சுவர் தாழ்ந்தாலும் விதிச் சுவர் உயரும் என்பதைத் தமிழ்நாட்டில் முதலில் கற்றவர்கள் தோல்காரர்கள்.

சர்க்கரை மூட்டை

கதவுக்கு வெளியே நின்று வியாபாரம் பேசிய நாடு இந்தியா. கதவுக்கு உள்ளேயே போய் விட வேண்டும் என்று துடித்த நாடுகளும் உண்டு. அவற்றின் கதையையும் தெரிந்து கொள்வது நல்லது.

1991-ம் ஆண்டில் சோவியத் ரஷ்யா 15 நாடுகளாகச் சிதறியது. அதில் ஒரு துண்டு எஸ்தோனியா. பால்டிக் கடலோரத்தில் உள்ள குட்டி நாடு. ஜனத்தொகை சுமார் 13 லட்சம். திருவள்ளூர் ஜில்லாவின் ஜனத்தொகையே 2011-ம் ஆண்டுக் கணக்கில் 37 லட்சம்! ஒரு ஜில்லாவில் பாதிகூட இல்லாத நாடு ஐரோப்பாவின் கதவைத் தட்டியது.

1991 ஆகஸ்டு 20-ந் தேதி எஸ்தோனியா சுதந்திரப் பிரகடனம் செய்தது. ஒரே வாரத்தில், ஆகஸ்டு 27-ந் தேதி, ஐரோப்பிய நாடுகள் அதை அங்கீகரித்தன. 1995-ல் வரி இல்லா வர்த்தகம் அமுலுக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் "எங்களைச் சேர்த்துக் கொள்ளுங்கள்" என்று மனு. 1998-ல் பேச்சு தொடங்கியது.

பேச்சு என்றால் பேரம் இல்லை. பரீட்சை! மொத்தம் 31 பாடம். விவசாயம், சுங்கம், நீதிமன்றம், குடிதண்ணீர், மீன்பிடிப்பு என்று ஒவ்வொன்றிலும் உன் சட்டத்தை எங்கள் சட்டம் போல மாற்றி எழுது என்றார்கள். எழுதினார்கள். 2003-ல் ஜனங்களிடம் ஓட்டுக் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேர் 'சரி' என்றார்கள். 2004 மே முதல் நாள் எஸ்தோனியா உறுப்பினர் ஆயிற்று.

இதில் ஒரு வேடிக்கை. சுதந்திரம் வந்த பிறகு எஸ்தோனியா வெளிச்சரக்குக்கு அநேகமாக வரியே போடாமல் இருந்தது. குடும்பத்தில் சேர்ந்ததும் பொது மதிலைத் தானும் எழுப்ப வேண்டி வந்தது. சர்க்கரை விலை ஏறப் போகிறது என்று தெரிந்ததும் இல்லத்தரசிகள் கடைக்கு ஓடினார்கள். வீட்டுக்கு வீடு மூட்டை. அங்கே கோடையில் பழங்களைப் பாகில் போட்டு வைப்பது வழக்கம். அதற்காக வாங்கினார்கள். வியாபாரிகளும் பதுக்கினார்கள். "அளவுக்கு மீறிச் சர்க்கரை வைத்திருக்கிறீர்கள்" என்று பிரஸ்ஸல்ஸ் அந்த நாட்டுக்கு அபராதம் போட்டது! சேர்ந்ததும் கிடைத்த முதல் சீர் அதுதான்.

உக்ரேன் கதை வேறு. அது பெரிய நாடு. அதுவும் 1994 ஜூனில் ஐரோப்பாவுடன் ஒப்பந்தம் போட்டது. ஆனால் அந்தக் காகிதத்தில் 'உறுப்பினர்' என்ற சொல்லுக்கு வழி வைக்கவில்லை. அமுலுக்கு வரவே 1998 ஆயிற்று. எஸ்தோனியாவுக்கு வாசலில் கை நீட்டினார்கள். உக்ரேனுக்குத் திண்ணையைக் காட்டினார்கள். 2013 நவம்பரில் அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் அதன் ஜனாதிபதி யானுகோவிச் பின்வாங்கினார். தலைநகர் கீவில் ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். அவர் ஓட்டம் பிடித்தார். 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படையெடுப்பு வந்தது.

இதெல்லாம் தூர தேசத்துச் சண்டை என்று தோன்றும். ஆனால் அந்த ஆண்டு நம் வீட்டுச் சமையலறையில் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியதே, நினைவு இருக்கிறதா? இந்தியாவுக்கு அந்த எண்ணெயை அதிகம் தந்தது உக்ரேன். டாக்டர் படிப்புக்குப் போன தமிழ்ப் பிள்ளைகள் குண்டு மழையில் எல்லை தாண்டி நடந்தார்கள். அவர்களுடைய பெற்றோர்கள் டெலிபோன் பக்கத்திலேயே தூங்கினார்கள். அந்தப் போருக்குக் காரணம் பல. 1990-களில் ஒரு கதவு திறந்தும் திறக்காமலும் இருந்தது அந்தக் காரணங்களில் ஒன்று என்று பலர் கருதுகிறார்கள். அது தள்ளி விடக் கூடிய கருத்து அல்ல.

கடைசி முடிச்சு

இந்தியா விஷயத்துக்கு வருவோம். 1994-ல் இன்னொரு ஒத்துழைப்பு ஒப்பந்தம் ஆயிற்று. 2000 ஜூனில் லிஸ்பன் நகரில் வாஜ்பாய் முதல் உச்சி மாநாட்டில் உட்கார்ந்தார். 2007-ல் வரி இல்லா வர்த்தகம் பற்றிப் பேச்சு தொடங்கியது. 2013-ல் அது முறிந்தது. முறித்த சரக்குகளில் முக்கியமானது எது தெரியுமா? கார்!

ஐரோப்பா நம் காருக்கு 10 சதவீதம் வாங்குகிறது என்று பார்த்தோம். நாம் எவ்வளவு வாங்கினோம்? 110 சதவீதம் வரை! நம் மதில் அவர்கள் மதிலைவிடப் பதினோரு மடங்கு உயரம். ஐரோப்பா மேல் குறை சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். இந்த மதிலின் நிழலில்தான் ஒரகடமும் இருங்காட்டுக்கோட்டையும் வளர்ந்தன என்பதும் உண்மை.

2022-ல் பேச்சு மறுபடி தொடங்கியது. இடையில் பிரிட்டன் 2020 ஜனவரி 31-ந் தேதி குடும்பத்தை விட்டே வெளியேறி விட்டது. 1961-ல் யாருக்காகப் பயந்தோமோ, அவருடன் 2025 ஜூலையில் இந்தியா தனியாக வர்த்தக ஒப்பந்தம் போட்டது. 2026 ஜனவரி 27-ந் தேதி டில்லியில், 27 நாடுகள் கொண்ட ஐரோப்பிய ஒன்றியத்துடனும் பேச்சு முடிந்தது என்று அறிவித்தார்கள். பேச்சு முடிவது ஒன்று. அமுலுக்கு வருவது ஒன்று. சட்ட வார்த்தைகளைச் சரி பார்த்து, கையெழுத்தாகி, ஐரோப்பியப் பார்லிமெண்டும் ஒப்புக் கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

அதில் துணிக்கும் தோலுக்கும் வரி நீங்க வழி செய்திருக்கிறார்கள். திருப்பூருக்கும் ஆம்பூருக்கும் அது 60 வருஷத்துப் பாக்கி. ஐரோப்பியக் காருக்கு நமது வரி படிப்படியாக 10 சதவீதம் வரை இறங்கும். ஆண்டுக்கு இத்தனை வண்டி என்ற வரம்பும் உண்டு. அதாவது காமராஜர் துறைமுகத்தில் கார் ஏறுவது போலவே கார் இறங்கவும் வழி ஏற்படும். சிறிய கார் செய்யும் நம் தொழிற்சாலைக்கு உடனே ஆபத்து இல்லை என்கிறார்கள். வருவது விலை உயர்ந்த வண்டிகள்தானாம். கூலிக்கு வேலை செய்பவர் இதைப் பாதிதான் நம்புவார்.

புகைக்கு ஒரு வரி

ஆனால் ஐரோப்பா புதிதாக ஒரு சுவர் எழுப்பி இருக்கிறது. அதைத் தகர்க்க இந்தப் பேச்சிலும் முடியவில்லை. அது கரி வரி.

இரும்பு, அலுமினியம், சிமெண்டு, உரம் போன்ற சரக்கைச் செய்யும்போது எவ்வளவு கரிப்புகை எழுந்தது என்று கணக்குக் காட்ட வேண்டும். 2023 அக்டோபரில் கணக்கு மட்டும் கேட்டார்கள். 2026 ஜனவரி முதல் காசும் உண்டு. அந்த ஆண்டு இறக்கிய சரக்குக்கான சான்றுகளை 2027 பிப்ரவரியில் இருந்து விற்பது என்பது ஏற்பாடு. வாங்க வேண்டியவர் ஐரோப்பிய வியாபாரிதான். ஆனால் அவர் அந்தக் காசை யார் தலையில் கட்டுவார் என்பது சந்தைக்குப் போகும் யாருக்கும் தெரியும்.

பூமி சூடாகிறது, புகையைக் குறைக்க வேண்டும் என்கிறது ஐரோப்பா. அது பொய் இல்லை. 200 வருஷம் புகை விட்டுப் பணக்காரர் ஆனவர் நேற்று அடுப்பு மூட்டியவரிடம் வரி கேட்பதா என்கிறது டில்லி. அதுவும் பொய் இல்லை. எண்ணூர்க் கழியில் சாம்பல் படிந்து மீன்பாடு போயிற்று என்று வருஷக்கணக்காக முறையிடும் மீனவர்களைக் கேட்டால், புகையைக் குறைக்கச் சொல்ல ஐரோப்பா எதற்கு, நாங்கள் போதாதா என்பார்கள்.

கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை மின்சார உலையில் உருக்கும் ஆலைகள் இருக்கின்றன. இரும்பைப் பொறுத்த வரையில், ஆலைக்குள் எழும் புகையை மட்டும்தான் ஐரோப்பா இப்போது கணக்கில் எடுக்கிறது. ஆலைக்கு வந்த மின்சாரம் எங்கே எந்தக் கரியில் பிறந்தது என்று கேட்பதில்லை. சிமெண்டுக்கும் உரத்துக்கும் அதையும் கேட்கிறார்கள். இரும்புக்கும் கேட்கலாமா என்று பரிசீலிக்கச் சட்டத்திலேயே இடம் வைத்திருக்கிறார்கள். அப்படிக் கேட்கும் நாள் வந்தால், பிரஸ்ஸல்ஸ் காரியாலயத்தில் கணக்கெழுதும் குமாஸ்தாவின் பேனா நேரே அத்திப்பட்டுப் புகைபோக்கிக்கு வந்து நிற்கும்.